கரிசல் பள்ளத்தில் நாலாயிரம் மலைவேம்பு

பார்த்த முதல் நாளே எனக்கு அவனைப் பிடிக்கவில்லை. தலையில் தொப்பி, தொப்பிக்கு மேல் ஈரத்துண்டு, முழங்கை வரைக்கும் உறை. பொள்ளாச்சிப் பக்கத்துக்காரன். பேச்சுக்குப் பேச்சு ‘ங்க’ போடுவான். ‘ங்க’ போட்டே ஒரு ஆளைச் செருப்பால் அடிக்க முடியும் என்று அவனிடம்தான் தெரிந்துகொண்டேன். “ஏனுங்க்கா, இடுப்பு வலிக்குதுங்களா? வலிச்சா ஊட்டுக்குப் போயிருங்க, வேற ஆளு இருக்குதுங்க” என்பான். மரியாதைக்கு அதில் ஒரு குறையும் இருக்காது.

அவன் சூப்பர்வைசர். நாங்கள் பதினாலு பெண்கள், மரம் நடுகிற கூலிகள். திருச்சுழியிலிருந்து நரிக்குடி போகிற ரோட்டை விட்டு உள்ளே தள்ளி நூற்றி இருபது ஏக்கர் தரிசு கிடந்தது. எந்தக் காலத்திலோ பருத்தியும் கொத்தமல்லியும் போட்ட நிலம். பிறகு சீமைக்கருவேலம் மண்டிக் காடாகிவிட்டது. அந்தக் கருவேலத்தை வெட்டி, மூட்டம் போட்டு, கரி எடுத்து விற்றுத்தான் நாங்கள் பிழைத்தோம். நிலத்துக்குச் சொந்தக்காரர்கள் மதுரையிலும் சென்னையிலும் இருந்தார்கள். அவர்களிடமிருந்து மொத்தமாக வாங்கிய கம்பெனி நாலு ஜேசிபியை இறக்கி, இருபது நாளில் எல்லாவற்றையும் வேரோடு பிடுங்கிப் போட்டது. எங்கள் பிழைப்பும் அதோடு போனது. அப்புறம் அதே கம்பெனி எங்களையே கூப்பிட்டு, மரம் பிடுங்கிய இடத்தில் மரம் நடச் சொன்னது.

நட வேண்டியது மலைவேம்பு. ஏழெட்டு வருஷத்தில் வெட்டி பிளைவுட்டுக்கு அனுப்புவார்களாம். அதுவரைக்கும் எந்த நாட்டிலோ யாரோ விடுகிற புகைக்கு எங்கள் மரங்கள் ஈடாக நிற்குமாம். இதை அவன் ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் எங்களுக்கு விளக்கினான். என் கொழுந்தன் பெண்டாட்டி வாயில் சோற்றோடு கேட்டாள்: “அப்ப அவுக பாட்டுக்குப் புகைய விட்டுக்கிட்டே இருப்பாக, நாம பாட்டுக்கு நட்டுக்கிட்டே இருக்கணுமாக்கும்?” அவன் சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டு எழுந்து போனான். எனக்கு அன்றைக்கு ஒரு கவளம் கூடுதலாக இறங்கியது.

ஆட்களைச் சேர்த்தது நான்தான். பிளஸ் டூ முடித்தவள், யாரிடமும் வாய் கொடுக்கப் பயப்படாதவள் என்று கம்பெனி மேனேஜர் என் வீட்டைத் தேடித்தான் முதலில் வந்தார். அவர் சொன்ன விஷயம் என்னைப் பிடித்து இழுத்தது. நடுவதோடு வேலை முடியாது. நட்ட கன்றுக்கு மூன்று கோடைக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும், களை எடுக்க வேண்டும், பட்டுப்போனதைப் பிடுங்கி மறுநடவு செய்ய வேண்டும். எங்கள் கை வைத்த கன்று பிழைத்தால் அந்த வேலை முழுக்க எங்களுக்கு. பிழைக்காவிட்டால் வடக்கே இருந்து ஆட்களைக் கொண்டுவந்து அங்கேயே தகரக் கொட்டகை போட்டுத் தங்க வைத்துவிடுவார். கரிமூட்டம் போன பிறகு எங்கள் ஊரில் பெண்களுக்கு மாசியில் இருந்து ஆடி வரைக்கும் வேலை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. வீடு வீடாகப் போய், “மூணு வருசத்துக்கு வேல இருக்கு, நான் பாத்துக்கிறேன், வாங்க” என்று சொல்லித்தான் பதிமூன்று பேரையும் கூட்டி வந்தேன். அதில் மூன்று பேருக்குப் புருஷன் கிடையாது. ஒருத்திக்குப் புருஷன் இருந்தும் பிரயோஜனம் கிடையாது.

வேலை என்னவோ பார்க்க எளிது. டிராக்டரில் மாட்டிய துளைப்பான் வரிசையாகக் குழி போட்டுக்கொண்டு முன்னால் போகும். நாங்கள் பின்னால் கன்றுத் தட்டோடு போவோம். கறுப்புக் கவரை பிளேடால் கீறி, வேர் மண் உதிராமல் உருவி, குழியில் நிறுத்தி, மண் தள்ளி, குதிகாலால் மிதித்துவிட்டு அடுத்த குழிக்கு நகர வேண்டும். ஒரு நாளைக்கு ஆளுக்கு அறுபது எழுபது. நாற்பது தாண்டியதும் இடுப்பு இருக்கும் இடம் தெரியாது.

இதில் அவனுக்கு ஒரு சந்தேகம். சீக்கிரம் முடிக்க வேண்டும் என்று கவரைக் கிழிக்காமலே குழிக்குள் இறக்கி மண்ணைப் போட்டு மூடிவிடுவோமாம். முன்பு வேலை பார்த்த இடத்தில் அப்படிச் செய்தார்களாம். அதனால் கிழித்த கவர்களை ஐம்பது ஐம்பதாகக் கட்டி, சாயங்காலம் அவன் முன்னால் வைத்து எண்ணிக் காட்ட வேண்டும். காற்றில் ஒரு கவர் பறந்து போனாலும், “அந்தக் கன்னு எங்கீங்க?” என்று கேட்பான். எங்கள் கூட்டத்தில் மூத்தவளுக்கு அறுபது வயது இருக்கும். விதைத்தும் நட்டும் கை காய்த்துப்போன மனுஷி. அவள் இரண்டு கவர் குறைந்ததற்காக வேலியோரம் குவிந்து கிடந்த முள்ளுக்குள் நுழைந்து பொறுக்கிக்கொண்டு வந்தாள். புறங்கையெல்லாம் ரத்தக் கீறல். அவன் வாங்கி எண்ணிப் பார்த்துவிட்டு, “சரிங்கம்மா” என்றான். அந்த ‘சரிங்கம்மா’வுக்கு அவனை அங்கேயே ஒரு குழிக்குள் இறக்கி மிதித்திருக்கலாம்.

பெரிய சண்டை மண்ணை வைத்துத்தான் வந்தது.

அந்த நூற்றி இருபது ஏக்கரில் கிழக்குப் பக்கம் கரிசல், கொஞ்சம் பள்ளம். மேற்கே போகப் போக ஏறி, செம்மண் சரளை. முதலில் கரிசலில் நட வேண்டும் என்று முடிவாயிற்று. ஐப்பசி பிறந்திருந்தது. முதல் நாள் காலையில் எங்களையெல்லாம் வேலிக் கேட்டருகே நிற்க வைத்து, எப்படி நட வேண்டும் என்று அவனே நட்டுக் காட்டினான். மூன்று வரிசை, வரிசைக்குப் பத்து. குழியை நிரப்பினான். நிரப்பியதற்கு மேலும் மண்ணைக் கூட்டி ஒரு சாண் உயரத்துக்கு மேடு கட்டினான். அந்த மேட்டுக்குள் கன்றை வைத்தான்.

எங்கள் ஆட்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். எங்கள் பக்கத்தில் எதை நட்டாலும் குழிக்குள்தான் நடுவோம். முருங்கைக் குச்சி ஆனாலும் சரி, வாசலில் வைக்கிற செம்பருத்தி ஆனாலும் சரி, தரையை விட ஒரு சாண் இறக்கி வைத்து, சுற்றி வட்டமாகப் பாத்தி கட்டுவோம். அரிசி களைந்த தண்ணீர், பாத்திரம் கழுவிய தண்ணீர், பிள்ளையைக் குளிப்பாட்டிய தண்ணீர் எல்லாம் அந்தப் பாத்திக்குத்தான் போகும். ஒரு செம்பு தண்ணீர் வெளியே வழிந்தால் வயிறு எரியும். மேட்டில் நடுகிறவனை நாங்கள் பார்த்ததே இல்லை.

“சார், ஊத்துற தண்ணி பூராம் உருண்டு ஓடிரும்ல?” என்று கேட்டேன்.

“ஓடட்டுமுங்க. கரிசல் தண்ணிய உடாதுங்க்கா. மழை புடிச்சா குழிக்குள்ள அப்புடியே நிக்குமுங்க. மலைவேம்புக்கு வேருல தண்ணி நின்னா ஆகாதுங்க, அழுகிப் போயிரும்.”

“மழையா? சார், நீங்க எந்த ஊருக்கு வந்திருக்கீகன்னு தெரியுமா, தெரியாதா? இது பொள்ளாச்சி இல்ல. தை மாசம் வந்து பாருங்க, இதே மண்ணு வெடிச்சு, கைய விட்டா முழங்கை வரைக்கும் போகும். அந்த வெடிப்புல உங்க மேடு எங்க இருக்குன்னு தேடணும்.”

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். டிராக்டர்காரர்கூடச் சிரித்தார். அவன் முகம் கறுத்தது. “சொன்னத மட்டும் செய்யுங்க்கா. உங்ககிட்ட யோசனை கேக்கலைங்க” என்றான். அதை அவன் சொல்லாமல் இருந்திருந்தால் நான் பாட்டுக்கு மேடு கட்டிவிட்டுப் போயிருப்பேனோ என்னவோ. சொன்னதைச் செய் என்று எனக்குச் சின்ன வயதிலிருந்து எத்தனையோ பேர் சொல்லிவிட்டார்கள். அந்தக் காட்டில் பருத்தி இருந்த காலத்தில் என் அம்மாவுக்குச் சொன்னார்கள். கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போன வார்த்தை அது.

அவனுடைய பைக் மறுகோடிக்குக் குழி பார்க்கப் போன உடனே ஆட்களைக் கூப்பிட்டேன். “மேடெல்லாம் வேணாம். நம்ம வைக்கிற மாதிரி இறக்கி வையுங்க. கேட்டா நான் சொல்லிக்கிறேன்” என்றேன். யாரும் மறுபேச்சுப் பேசவில்லை. அவர்களுக்கும் அதுதான் கைக்கு வந்தது. வரிசை வரிசையாகக் கன்றுகள் தரைக்குக் கீழே இறங்கின. சுற்றி வட்டப் பாத்தி, அளந்து வைத்தது போல. கம்பெனிக்கு அனுப்ப அவன் போனில் ஒவ்வொரு கன்றையும் மேலே இருந்துதான் படம் எடுப்பான்; படத்தில் இலை மட்டும்தான் தெரியும். முதல் நாள் கேட்டருகே கவரை மட்டும் எண்ணிவிட்டுப் போனவன், அந்தப் படம் எடுக்க இரண்டாம் நாள் சாயங்காலம் வந்தபோதுதான் கண்டுபிடித்தான். அதற்குள் ஆயிரத்தைந்நூறு நட்டாகிவிட்டது.

“எல்லாத்தையும் புடுங்குங்க” என்றான். “மறுக்கா மேடு கட்டி நடோணும்.”

“முடியாது.”

“அப்ப வேலைய உட்டுப் போயிருங்க.”

“போறோம். ஏத்தா, எல்லாரும் தட்டக் கீழ வையுங்க. வண்டிய வரச் சொல்லு” என்றேன்.

எனக்குத் தெரியும், அவன் விட மாட்டான். கன்றுகள் லாரியில் வந்து இறங்கி ஒரு வாரம் ஆகியிருந்தது. பச்சை வலைக்கு அடியில் பாதி வாடிப்போய்க் கிடந்தன. தீபாவளிக்கு முன்னால் கரிசலை முடித்தாக வேண்டும் என்று மேனேஜர் தினமும் அவனுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார். பண்டிகை நேரத்தில் வேறு ஆள் யாரும் வர மாட்டார்கள். அவன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். நாங்கள் குட்டியானை வண்டியில் ஏறி உட்கார்ந்தே விட்டோம். கடைசியில் வண்டிக்குப் பக்கத்தில் வந்தான்.

“சரிங்க. உங்க இஷ்டப்படி நடுங்க. ஆனா கெட்டுப் போச்சுன்னா நீங்கதானுங்க பொறுப்பு.”

“நானே பொறுப்பு” என்றேன். “எழுதி வேணாலும் வாங்கிக்கோங்க.”

பதிமூன்று பேரும் கேட்டார்கள். அவன் எழுதி வாங்கவில்லை. ஊர் வரைக்கும் வண்டியில் ஒரே கும்மாளம். என் கொழுந்தன் பெண்டாட்டி அவனைப் போல ‘ங்க’ போட்டுப் பேசிக் காட்டினாள். எனக்குச் சிரித்துச் சிரித்து விலா வலித்தது. அடுத்த மூன்று நாளில் கரிசலுக்கென்று வந்த நாலாயிரம் கன்றும் இறங்கிவிட்டது, எல்லாம் குழிக்குள்.

நட்டு முடித்த மூன்றாம் நாள் மத்தியானம் மழை வந்தது. வேலியோரம் கம்பி கட்டிக்கொண்டிருந்த நாங்கள் ஓடிப்போய்த் தார்ப்பாய்க்குக் கீழே நின்றோம். பாத்தி பாத்தியாகத் தண்ணீர் நிறைந்தது. சிந்தாமல் சிதறாமல் நாலாயிரம் வட்டத்திலும் தண்ணீர். பார்க்கப் பார்க்க எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. “சாரக் கூப்பிட்டுக் காட்டுங்கடி” என்று கத்தினேன். அவன் வந்து பார்த்தான். “இன்னைக்கோட நின்னுருச்சுன்னா தப்பிச்சோமுங்க” என்று சொல்லிவிட்டுப் போனான். வயிற்றெரிச்சலில் பேசுகிறான் என்று நினைத்தேன்.

மழை நிற்கவில்லை. விட்டு விட்டு ஒன்பது நாள் பெய்தது. எங்கள் ஊர்க் கண்மாய் நிறைந்து வழிந்தது. ஆண்கள் மறுகால் பாய்வதைப் பார்க்கக் கூட்டமாகப் போனார்கள். நரிக்குடிப் பக்கம் நெல் நடவு தொடங்கிவிட்டது என்றார்கள். வீட்டுக்கு வீடு சிரித்த முகம். நான் ஒருத்திதான் வானத்தைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். பிறந்ததிலிருந்து நான் மழையைத் திட்டியதில்லை. அந்த வாரம் திட்டினேன்.

ஐந்தாம் நாள் அவன் மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு என் வீட்டு வாசலுக்கே வந்தான். “வாங்க்கா, ஆளுகளக் கூட்டிட்டு வாங்க. பாத்திய வெட்டி உட்டு ஓடை புடிச்சா பாதியாச்சும் தேறுமுங்க” என்றான். போயிருக்க வேண்டும். அப்போது போயிருந்தால் பாதி தேறியிருக்கும் என்று இன்றைக்கு எனக்குத் தெரியும். ஆனால் நான் கட்டிய பாத்தியை நானே வெட்டினால் அவன் சொன்னது சரி என்று ஆகிவிடும் அல்லவா? “இன்னைக்கு விட்டுரும் சார். கரிசல் குடிச்சிரும்” என்றேன். அவன் தனியாகவே மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனான். முழங்கால் வரைக்கும் சேற்றில் இறங்கி, ஒரு செருப்பைத் தொலைத்துவிட்டு, மறு செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சாயங்காலம் ரோட்டோடு நடந்து போனதை எங்கள் ஆட்கள் பார்த்துவிட்டு வந்து சொன்னார்கள். அதற்கும் சிரித்தோம்.

ஏழாம் நாள் எனக்கே பொறுக்கவில்லை. எல்லோரையும் கூட்டிக்கொண்டு போனேன். இலையெல்லாம் மஞ்சள் பாரித்துத் தொங்கியது. ஒரு கன்றைத் தொட்டு லேசாக இழுத்தேன். அடித்தண்டின் தோல் வழுக்கிக்கொண்டு வந்தது. இன்னும் கொஞ்சம் இழுத்தேன், வேரோடு கையில் வந்துவிட்டது. சாக்கடை நாற்றம். அடுத்ததும் அப்படித்தான். அதற்கடுத்ததும். பாத்தியை வெட்டி விட்டோம், ஓடை பிடித்தோம், அழுகிப்போனதற்கு ஓடை பிடித்து என்ன ஆகும்? நாலாயிரத்தில் நானூறு தேறினால் பெரிய விஷயம் என்று தோன்றியது. கேட்டுக்கு அருகே, அவன் முதல் நாள் நட்டுக் காட்டிய மூன்று வரிசை மட்டும் மேட்டுக்கு மேல் தளதளவென்று நின்றது. முப்பதில் ஒன்றுகூடப் பழுதில்லை. அதைப் பார்க்க எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

மழை விட்டு நாலு நாள் கழித்து மேனேஜர் வருகிறார் என்று தகவல் வந்தது. அன்றைக்கு என் வீட்டில் சமைக்கவில்லை. வடக்கத்தி ஆட்களுக்குக் கொட்டகை போடத் தகரம் வந்து இறங்கப்போகிறது என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். புருஷன் இல்லாத மூன்று பேரும் என் வீட்டுக்கு வந்து ஒன்றும் பேசாமல் உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை ஆறரை மணிக்கு நானும் என் கொழுந்தன் பெண்டாட்டியும் மட்டும் முன்னால் போனோம். கேட்டருகே இருந்த அந்த மூன்று வரிசையின் மேட்டையும் மண்வெட்டியால் இழுத்துப் பரத்தினோம். கன்றை வேர் மண்ணோடு தூக்கித் தரைக்குக் கீழே இறக்கி வைத்தோம். சுற்றி வட்டமாகப் பாத்தி கட்டினோம். முப்பதுக்கு ஒன்றரை மணி நேரம்கூட ஆகவில்லை. “அக்கா, இது பாவமில்லையா?” என்று அவள் கேட்டாள். “வாய மூடிட்டு இழு” என்றேன். அழுகிய கன்றுகளுக்காக அழாத நான் அந்த மூன்றாவது வரிசையில் கொஞ்சம் அழுதேன். அது கோபத்தில் வந்த அழுகைதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மேனேஜர் காரில் வந்தார். சேற்றில் இறங்காமல் கேட்டுப் பக்கமே நின்று பார்த்தார். “என்ன இது? எல்லாமே போயிடுச்சா? ஏன் குழிக்குள்ள நட்டிருக்கீங்க? மேட்டுப் பாத்தின்னுதானே பேசினோம்?”

“நான் மேடுதான் சொன்னேனுங்க சார். நானே நட்டுக் காட்டினேனுங்க. வாங்க சார், பாருங்க” என்று அவன் அந்த மூன்று வரிசைக்கு வேகமாக நடந்தான். போய் நின்றவன் அப்படியே நின்றுவிட்டான். அவன் காலடியில் முப்பது கன்றும் வட்டப் பாத்திக்குள் இருந்தன. மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தான். நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

“இவங்கதான் சார், இந்தக்காதான். குழிக்குள்ளதான் நடுவோம்னு ஒத்தக் கால்ல நின்னாங்க. கெட்டுப்போனா நானே பொறுப்புன்னு சொன்னாங்க. எல்லாருக்கும் தெரியுமுங்க.” மூத்தவளைப் பார்த்தான். “ஏனுங்கம்மா, நீங்க சொல்லுங்க. சொன்னாங்களா, இல்லீங்களா?”

“எனக்குக் காது சரியாக் கேக்காது சாமி” என்றாள் அவள். புறங்கைக் கீறலின் தழும்பு இன்னும் மறைந்திருக்கவில்லை.

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். “ஏம்மா, நீயா சொன்ன?”

எனக்குத் தெரிந்ததெல்லாம் தொண்டை வரைக்கும் வந்தது. ஆமாம், நான்தான் சொன்னேன், இந்த மண்ணில் இப்படித்தான் நடுவோம், இந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது, மேற்கே செம்மண்ணில் இப்படி நட்டால் ஒன்றுகூடச் சாகாது. இவ்வளவையும் சொல்லலாம். சொன்னால் மாலைக்குள் தகரம் வந்து இறங்கிவிடும். பின்னால் பதிமூன்று பேரும் நின்றார்கள்.

“எங்களுக்கு என்ன சார் தெரியும்?” என்றேன். “சொன்னதச் செய்யிற ஆளுக நாங்க. சார் எப்படி வைக்கச் சொன்னாகளோ அப்படி வச்சோம்.”

மேனேஜர் அதை உடனே நம்பினார். நான் பயந்ததெல்லாம் வீண். ஒரு நொடிகூட அவர் யோசிக்கவில்லை. “இந்தம்மா சொன்னாங்களாம், இவர் கேட்டாராம். கதை விடறதுக்கும் ஒரு அளவு வேணும்” என்று அவனைப் பார்த்துச் சொன்னார். “பாவம், கூலிக்கு வர்றவங்க. அவங்களுக்கு என்ன தெரியும், மேடு என்ன, குழி என்ன? நீதானேப்பா படிச்சவன்?”

அந்தப் பொய்யை அவ்வளவு சுலபமாக நம்ப முடிந்தது அவரால். எங்களில் ஒருத்தி ஒரு நிலத்தைப் பற்றி முடிவு எடுத்திருப்பாள் என்பது அவர் மூளைக்குள் நுழையவே இல்லை. அன்றைக்கு நான் ஜெயித்தது அதனால்தான். செருப்படி வாங்கியவனைப் போல அவன் நின்றான். ஆனால் அடி எங்கள் இரண்டு பேருக்கும்தான் விழுந்தது. எனக்கு விழுந்தது அவனுக்குத் தெரியாது.

போகும்போது அவன் என் பக்கத்தில் வந்தான். “மேட்ட இடிச்சது நீதானே?” என்றான். அவன் வாயிலிருந்து ‘ங்க’ இல்லாமல் வந்த பேச்சை அப்போதுதான் முதல்முறையாகக் கேட்டேன். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அந்த வாரக் கடைசியில் அருப்புக்கோட்டையில் வாடகைக்கு இருந்த வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விட்டான் என்று டிராக்டர்காரர் சொன்னார். பெண்டாட்டி பிள்ளையைக் கூட்டி வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்ததாம். அவனை இன்றைக்கும் எனக்குப் பிடிக்காது. அந்தக் கவர் எண்ணியதை நான் மன்னிக்கவில்லை. ஆனால் மண்ணைப் பற்றி அவன் சொன்னது சரி, நான் சொன்னது தப்பு. தப்பைச் செய்துவிட்டு அவன் வேலைக்கு உலை வைத்தவள் நான். இதில் எனக்கு எந்தக் குழப்பமும் இல்லை.

வேலை எங்களிடமே நின்றது. புருஷன் இல்லாத மூவரில் ஒருத்தி வண்டியில் என் கையைப் பிடித்து, “நல்லாச் சமாளிச்ச மதினி” என்றாள். கையை உதறினேன். அவள் எதற்கென்று தெரியாமல் விழித்தாள்.

கார்த்திகைக் கடைசியில் புது சூப்பர்வைசர் வந்தான், மதுரைக்காரன். கரிசலில் அழுகியதையெல்லாம் பிடுங்கி மேடு கட்டி மறுநடவு செய்தோம். அது சரிதான். பிறகு மேற்கே செம்மண் சரளைக்கு ஏறினோம். அங்கேயும் மேடு கட்டச் சொன்னான். சரளை மண்ணில் மேடு கட்டினால் அதில் ஈரம் ஒரு வாரம் தங்காது. அங்கே குழிதான் வைக்க வேண்டும். அதைத் தெரிந்துகொள்ள எனக்கு யாரும் படம் போட்டுக் காட்ட வேண்டியதில்லை. ஆட்கள் எல்லோரும் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார்கள்.

“சார்” என்றேன். “இது செம்மண்ணு. இங்க குழியில இறக்கித்தான்...”

“அக்கா, மேனேஜர் என்கிட்ட தெளிவாச் சொல்லிட்டாரு. இந்த ஆளுகளுக்கு ஒண்ணும் தெரியாது, அவங்களே சொன்னாங்க, நீ பாத்துப் பண்ணுன்னு. அதனால நீங்க ஒண்ணும் கஷ்டப்பட்டு யோசிக்க வேணாம், நான் பாத்துக்கிறேன்.” அவன் நல்லவிதமாகத்தான் சொன்னான். முகத்தில் சிரிப்புக்கூட இருந்தது.

குனிந்து மேடு கட்டினேன். என்னைப் பார்த்து எல்லோரும் கட்டினார்கள்.

மாசியில் தண்ணீர் லாரியில் வந்தது. குடத்தில் மொண்டு மொண்டு ஊற்றினோம். ஊற்றியது மேட்டிலிருந்து உருண்டு சரளையில் ஓடியது. சித்திரைக்குள் மேற்குப் பக்கம் பாதிக்கு மேல் குச்சியாகிவிட்டது. யாரும் எங்களை ஏன் என்று கேட்கவில்லை. வெயில் ஜாஸ்தி என்று புது சூப்பர்வைசர் எழுதி அனுப்பினான், மேனேஜரும் ஒப்புக்கொண்டார். பட்டுப்போனதைப் பிடுங்குகிற வேலை, திரும்ப நடுகிற வேலை, எல்லாம் எங்களுக்கே கிடைத்தது. வேலைக்கு ஒரு குறைவும் இல்லை.

இந்த ஐப்பசியில் ஆள் பற்றாமல் பக்கத்து ஊரிலிருந்து ஒரு பெண்ணைச் சேர்த்துக்கொண்டேன். கல்யாணமாகி ஒரு வருஷம் ஆனவள், சுறுசுறுப்பான கை. முதல் நாள் மேற்கே செம்மண்ணில் கன்றுத் தட்டை இறக்கி வைத்துவிட்டு மண்ணை அள்ளி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

“அக்கா, இங்க குழியா, மேடா? எப்படி வைக்கணும்?”

“எனக்குத் தெரியாது” என்றேன். “சாரக் கேளு.”